ஐந்தாம் குழாய்

ஜூன் 9, திங்கள்

என் பெயர் வெயிலுமுத்து. எனக்கு எழுதவும் வராது, படிக்கவும் வராது. இதை எழுதுவது என் மகள் செண்பகம். எனக்கு வயது எண்பதை நெருங்கிவிட்டது. ஆனால் பார்த்தது எதுவும் மறக்காது. வீட்டில் இருப்பவளுக்கு அதுதான் பெரிய தொல்லை. நேற்றுச் சாப்பிடும்போது, பெட்ரோல் பங்க் கதையை மூன்றாவது தடவையாகச் சொல்ல ஆரம்பித்தேன். செண்பகம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பா, ஒண்ணு செய்வோம். தெனம் சாயங்காலம் ஒரே ஒரு தடவ சொல்லுங்க, நான் எழுதிருதேன். எழுதுனத மறுபடி எங்கிட்ட சொல்லப்படாது."

"சரி. ஆனா நான் பேசுற மாதிரியே எழுதணும்."

"அது முடியாது. எழுதுனா எழுத்து மாதிரிதான் இருக்கும். பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியார் காத முறுக்கிச் சொல்லிக் குடுத்தது."

ஆகவே இது என் பேச்சு, அவள் எழுத்து.

பழைய ரோட்டில் எங்கள் தெருவுக்கு முன்னால் இருப்பது அந்த பங்க். ஊருக்கு வெளியே நான்கு வழிச்சாலை வந்த பிறகு ஒரு லாரியும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பங்க்கை மூடினார்கள். மெஷின்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கூரை நிற்கிறது, அதன் நிழலில் ஆடுகள் படுக்கின்றன. மண்ணுக்குள் புதைத்த டாங்கியை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

இந்தக் கோடையில் பங்க்குக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் பால்ச்சாமியின் அடிபம்பில் பெட்ரோல் வாடை அடித்தது. அவன் அதையும் வேடிக்கையாக்கினான். "எங் கடை டீயக் குடிச்ச வாயோட பீடி பத்த வைக்காதிய, மூஞ்சி போயிரும்" என்றான். சிரித்தோம். பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மனு போனது, கலெக்டர் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. டாங்கி வைத்திருந்த கம்பெனி செலவில், வேறு ஆட்கள் வந்து மண்ணையும் தண்ணீரையும் சோதிக்க வேண்டும் என்று.

இன்று அந்த ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி ஒரு பெண். பெயர் பிரிசில்லா. நாகர்கோவில் பக்கம். முப்பது வயதுதான் இருக்கும். வந்ததும் யாரையும் அதட்டவில்லை; பங்க்கைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். எங்கள் சந்துக்குள் வந்து கிணற்றை எட்டிப்பார்த்தாள்.

"இந்தத் தண்ணி யாரெல்லாம் குடிக்கிறீங்க?"

"தெரு முழுக்க. எம் மக இட்லி மாவும் இதுலதான் ஆட்டுதா" என்றேன்.

அவள் கிணற்றுச் சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அந்த நிற்பு எனக்குப் பிடித்திருந்தது.

செண்பகத்தின் மாவை டவுனில் பாதி ஓட்டல்கள் வாங்குகின்றன. மருமகன் திருப்பூரில் இருக்கிறார், வருவது பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும். பேத்தி மதுரையில் நர்சு படிக்கிறாள். அவளைப் படிக்கவைப்பது இந்தக் கிணறு. கிணற்றில் வாடை வந்தால் என்ன ஆகும் என்று யாரும் எங்கள் வீட்டில் வாய் விட்டுச் சொல்வதில்லை.

ஜூன் 12, வியாழன்

மெஷின் வைத்து மண்ணைத் துளைத்துக் குழாய் இறக்குகிறார்கள். தண்ணீர் எடுத்துக் குடிக்க அல்ல, பூமிக்குள் எட்டிப்பார்க்க. ஐந்து குழாய். முதல் மூன்று பங்க்குக்குள். நான்காவது பங்க்கின் பின்சுவரை ஒட்டி. ஐந்தாவது எங்கள் சந்தில், கிணற்றுக்கு முன்னால். "பெட்ரோல் கெணத்துக்கு வரதா இருந்தா மொதல்ல இந்தக் குழாயத் தாண்டித்தான் தாத்தா வரணும். இது நம்ம காவக்காரன்" என்றாள் பிரிசில்லா.

அந்த டாங்கிக்குக் குழி வெட்டினவர்களில் நானும் ஒருவன். மேலே கரிசல், இடுப்பளவுக்குக் கீழே சுக்கான் கல், அதற்கும் கீழே கடப்பாரை துள்ளுகிற பாறை. எல்லாம் சொன்னேன். கூடவே ஒரு முடிவும் சொன்னேன். "தாயி, நீ வீணா இந்தப் பக்கம் தோண்டுத. மழத் தண்ணி மேக்க, கம்மாயப் பாத்துத்தான் ஓடும். நான் பிறந்ததுலேருந்து பாத்திருக்கேன். பெட்ரோலும் அங்கதான் போயிருக்கும்."

"இருக்கலாம் தாத்தா. அளந்து பாத்துட்டுச் சொல்லுறேன்" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆயுசு முழுக்கப் பார்த்ததை என்னத்தை அளப்பது?

ஜூன் 20, வெள்ளி

அளந்துவிட்டாள்.

நீளமான ஒரு டேப்பைக் குழாய்க்குள் இறக்குகிறாள். நுனி தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று கத்துகிறது. ஐந்து குழாயிலும் இப்படித் தொட்டாள். பிறகு மூன்று கால் வைத்த கருவியில் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, குழாய்த் தலைகள் எது உயரம் எது தாழ்வு என்று மட்டம் பிடித்தாள். கடைசியில் என்னை அழைத்து, தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினாள். மண்ணுக்குள் தண்ணீர் பங்க்கிலிருந்து கிழக்கே சாய்ந்து வருகிறது. எங்கள் சந்தைப் பார்த்து.

"மேல ஓடுற தண்ணி பாத வேற, கீழ ஓடுற தண்ணி பாத வேற தாத்தா. நீங்க சொன்னது மேல உள்ளதுக்குச் சரி."

பால்ச்சாமி விடுவானா? "என்ன பெரியப்பா, எம்பது வருசமா தண்ணி உம்ம ஏமாத்திருக்கு போல" என்றான்.

ஏமாற்றம்தான். ஆனால் சொன்னால் நம்பமாட்டீர்கள், மனது நிறைந்துவிட்டது. காலடியில் இப்படி ஒன்று ஓடுவது தெரியாமலே போய்ச் சேர்ந்திருப்பேன். பாறையின் சாய்வா, வேறு ஏதாவதா, ஏன் கிழக்கே வருகிறது என்று கேட்டேன். "இன்னும் தெரியல" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று இவ்வளவு சுலபமாகச் சொன்ன ஆபீசரை நான் பார்த்ததில்லை.

ஜூலை 2, புதன்

இன்று தண்ணீர் பிடித்த நாள். வேடிக்கை பார்க்க முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டேன்.

குழாயைத் திறந்தவுடன் பிடிப்பதில்லை. அதில் நின்றிருந்த பழைய தண்ணீரை முதலில் இறைத்து வேறு ஒரு டிரம்மில் ஊற்றுகிறாள், தரையில் ஒரு சொட்டு விடவில்லை. மண்ணிலிருந்து புதிதாக ஊறி வருகிறதை மட்டும் எடுக்கிறாள். ஒவ்வொரு குழாய்க்கும் கைக்குப் புது உறை. என் சுண்டுவிரல் அளவு கண்ணாடிக் குப்பி. தளும்பத் தளும்ப நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டுகிறாள். உள்ளே ஒரு கடுகளவு காற்றுக்குமிழி தெரிந்தால் கொட்டிவிட்டு வேறு குப்பி. பெட்ரோல் அந்தக் குமிழிக்குள் ஏறி ஒளிந்துகொள்ளுமாம்.

ஐஸ் பெட்டிக்குள் ஒரு குப்பி வரும்போதே நிரம்பியிருந்தது. "அது யாரு தண்ணி?" என்றேன்.

"அது சுத்தமான தண்ணி தாத்தா. லேப்லயிருந்து எங்ககூடவே வருது, திரும்பப் போகுது. அதுலயும் பெட்ரோல் வந்துச்சுன்னா தப்பு உங்க மண்ணுல இல்ல, எங்க பெட்டியிலன்னு அர்த்தம்."

தன் கையையே சந்தேகப்பட்டு, அதற்கு ஒரு சாட்சியையும் கூடவே கூட்டிக்கொண்டு வருகிறாள். இதைச் சொன்னபோது செண்பகம் எழுதுவதை நிறுத்திவிட்டு, "நெசமாவா?" என்றாள்.

ஜூலை 9

மழை இல்லை. பிரிசில்லா வரவில்லை. பங்க்கில் ஆடுகள் மட்டும்.

ஜூலை 14, திங்கள்

முதல் சோதனையின் பதில் வந்தது. முதல் இரண்டு குழாயில் பெட்ரோல் ரொம்ப. மூன்றாவதில் குறைவு. நான்காவதில் லேசாக. ஐந்தாவதில் எதுவும் இல்லை. காவல்காரன் சுத்தம், கிணறு தப்பித்தது.  சாயங்காலம் நான் கேட்காமலே செண்பகம் கேசரி கிண்டினாள்.

ஜூலை 15, செவ்வாய்

செங்கல் இறக்க வந்த டிராக்டர், சந்தில் பின்னால் எடுக்கும்போது ஐந்தாம் குழாயின் தலையில் இடித்துவிட்டது. மூடி இரண்டாகப் பிளந்து பூட்டோடு தொங்குகிறது. டிரைவர், "குழாய் ஒடையல பெரியவரே, தொப்பிதான போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான். பிரிசில்லாவுக்குச் செண்பகம் போன் போட்டாள். புது மூடி வெளியூரிலிருந்து வர வேண்டும், நாலைந்து நாள் ஆகும், அதுவரை மூடி வையுங்கள் என்றாளாம். பால்ச்சாமி ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, மேலே கல்லை வைத்தான்.

ஜூலை 18, வெள்ளி

சந்து முழுக்க அந்துருண்டை வாடை. எங்கள் தெருவில் ஓட்டை என்று ஒன்று இருந்தால் அதில் அந்துருண்டை கிடக்கும். சாக்கடை வாய், குளியலறை, அடுக்களைத் தொட்டி எதையும் விடுவதில்லை. இதில் செண்பகத்தை மிஞ்ச ஆள் கிடையாது. மாவு வாங்க வந்தவர் கண்ணில் ஒரு கரப்பான் பட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பாள். இந்த வாரம் கரப்பானும் பூரானும் அதிகம். காலையில் விளக்குமாற்றோடு சந்தில் ஒரு யுத்தமே நடந்தது.

ஜூலை 24, வியாழன்

மூன்று நாளுக்கு முன்னால் ஐந்தாம் குழாய்க்குப் புது மூடியும் புதுப் பூட்டும் வந்தன. இன்று இரண்டாவது தடவை தண்ணீர் பிடித்தார்கள். பிரிசில்லா வெயிலில் கறுத்துவிட்டாள். செண்பகம் மோர் கொடுத்தனுப்பினாள். நான்தான் கொண்டுபோனேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நல்ல செய்தி இல்லை.

பிரிசில்லா நேரில் வந்தாள். கூடவே கம்பெனி ஆள் ஒருவர், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. பஞ்சாயத்துக் கிளர்க்கும் வந்திருந்தார். ஐந்தாம் குழாய்த் தண்ணீரில் நாப்தலீன் என்று ஒன்று நிறைய இருக்கிறதாம். பெட்ரோலில் இருக்கும் பல சரக்குகளில் அதுவும் ஒன்று. கிளர்க்கு கிணற்றுச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் பெரிய பெருக்கல் குறி போட்டார்.  அவர் வீட்டுக்கும் இங்கிருந்துதான் தண்ணீர் போகிறது.

பிரிசில்லா மட்டும் குழாய்ப் பக்கத்தில் குத்தவைத்து, காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தாயி?"

"எனக்கு இது இடிக்குது தாத்தா. பெட்ரோல்ல பென்சீன்னு ஒண்ணு இருக்கு. தண்ணியோட வேகமா ஓடுறவன். நாப்தலீன் மண்ணப் பிடிச்சுப் பிடிச்சு மெதுவா வர்றவன். முன்னால ஓடுறவன் இங்க வந்து சேரவே இல்ல. பின்னால வர்றவன் மட்டும் எப்படி வந்தான்? நாலாம் குழாயில கூட இவ்வளவு இல்ல."

"அப்ப இந்த ரிப்போர்ட்டு தப்பா?"

"எண்ணு தப்பில்ல. வந்தத நான் எழுதித்தான் ஆகணும், கிணத்த மூடச் சொல்லித்தான் ஆகணும். குடிக்கிற தண்ணி. ஆனா காரணம் தெரியுற வரைக்கும் நான் விடமாட்டேன்."

கம்பெனி ஆள் காரில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "மேடம், யாராவது குழாயில கை வச்சிருந்தா சொல்லிருங்க. ஒரு குழாய்ல கை பட்டிருந்தாலும் மொத்த டெஸ்டும் செல்லாதுன்னு எங்க வக்கீல் முடிச்சிருவாரு."

அவ்வளவுதான். மொத்தச் சோதனையும் செல்லாது என்றால், பால்ச்சாமியின் அடிபம்பில் வருவது பெட்ரோல் இல்லை என்று ஆகிவிடும். மண்ணைச் சுத்தம் செய்யச் சொல்லி யாரையும் கேட்க முடியாது.

இதைச் சொல்லும்போது செண்பகம் மூன்று தடவை பேனாவைக் கீழே வைத்தாள். "அந்தப் பேரு என்னப்பா? மறுபடி சொல்லுங்க" என்றாள். நாப்தலீன் என்றேன். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். கிணறு போனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 2

செண்பகத்துக்குத் தலைவலி. இன்று எழுத வேண்டாம் என்றாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இது அப்பா சொன்னது இல்லை. செண்பகமாகிய நான் எழுதுகிறேன். அப்பா டீக்கடைக்குப் போயிருக்கிறார்.

அடுக்களையில் அந்துருண்டைப் பொட்டலம் இருக்கிறது. எத்தனையோ வருஷமாக வாங்குகிறேன். அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்றைக்கு உள்ளே போய்ப் பார்த்தேன். நாப்தலீன் உருண்டைகள் என்று போட்டிருக்கிறது.

சிரட்டை வைத்து மூடிய மறுநாளே கரப்பான் அந்த இடுக்கு வழியாகப் போய் வர ஆரம்பித்தது. கல்லைத் தூக்கினேன், சிரட்டையை எடுத்தேன், கை நிறைய உருண்டைகளைப் போட்டேன். எந்த ஓட்டையைப் பார்த்தாலும் செய்கிறதைத்தான் செய்தேன். தண்ணீருக்குள் விழுந்த சத்தம்கூட நினைவில் இருக்கிறது.

சொன்னால் கிணறு தப்பிக்கும். ஆனால் கம்பெனிக்காரன் எதற்குக் காத்திருக்கிறானோ அதை நானே கையில் கொடுத்ததாக ஆகும். பால்ச்சாமி அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? அந்தப் பெண் வெயிலில் நின்று ஒவ்வொரு குப்பியையும் தட்டித் தட்டிப் பார்த்தாள். அத்தனையும் என்னால் வீணாகும். மாவு வியாபாரத்துக்காகக் கதை கட்டுகிறாள் என்றும் சொல்வார்கள்.

சொல்லாவிட்டால் கிணறு போகும். தெரு முழுக்க லாரித் தண்ணீருக்கு நிற்கும். நான் செய்தது என்று எனக்கு மட்டும் தெரியும். அப்பா தினமும் வந்து பிரிசில்லாவின் பெருமையைச் சொல்வார், நான் எழுதிக்கொண்டிருப்பேன்.

நேற்றைக்கும் முந்தாநாளைக்கும் பேனா ஓடவில்லை. நாளை அவள் வருகிறாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நான் வெயிலுமுத்து பேசுகிறேன். நேற்று எழுதியதைச் செண்பகம் இப்போதுதான் வாசித்துக் காட்டினாள். அதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் காலையில் எல்லாரும் நிற்கும்போதே போட்டு உடைத்துவிட்டாள்.

பிரிசில்லா ஐந்தாம் குழாயைத் திறந்துகொண்டிருந்தாள். கம்பெனி ஆள் அதே இடத்தில் சாய்ந்து நின்றார். பால்ச்சாமி டீ கொண்டுவந்திருந்தான். செண்பகம் ஈரக் கையோடு சந்தில் வந்தாள். ஒரு கையில் பொட்டலம்.

"மேடம், குழாயில கை வச்சது நான்தான். இந்த உருண்டையப் போட்டேன். மூடி ஒடஞ்சு கிடந்தப்ப. கரப்பானுக்காக."

 நான் முக்காலியை விட்டு எழுந்தேன்.

கம்பெனி ஆள்தான் முதலில் சிரித்தார். "கேட்டீங்கல்ல மேடம்? அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க."

பிரிசில்லா அவரைப் பார்க்கவில்லை. செண்பகத்தின் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். படம் எடுத்தாள். "எத்தனை போட்டீங்கக்கா? எந்தக் கிழமை? தண்ணிக்குள்ள விழுந்துச்சா, சுவத்துல தங்குச்சா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. செண்பகம் பதில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். எழுதி முடித்த பிறகுதான் எழுந்து நின்றாள்.

"சார், இது ரிப்போர்ட்ல போகும். அக்கா சொன்னது அப்படியே போகும். அதோட இன்னொண்ணும் போகும். மத்த நாலு குழாயோட பூட்டும் மூடியும் ஒவ்வொரு தடவையும் தேதியோட படம் எடுத்து வச்சிருக்கேன். அதுல யாரும் கை வைக்கல. அதுல அந்துருண்டை இல்ல சார், பெட்ரோல் இருக்கு. பென்சீன் இருக்கு. அந்துருண்டையில பென்சீன் வராது."

கம்பெனி ஆள் கண்ணாடியைக் கழற்றினார். கண் சின்னது.

"வக்கீல் கேப்பாரு" என்றார்.

"கேக்கட்டும். மறைச்சிருந்தாத்தான் சார் நான் பயப்படணும்."

பால்ச்சாமி டீத் தம்ளரைச் செண்பகத்திடம் நீட்டினான். "மொதல்ல இதக் குடி தாயி. கரப்பானுக்கு மருந்து வச்சு கலெக்டர் வரைக்கும் கலங்க அடிச்சது இந்த உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்றான். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆகஸ்ட் 6

நீண்ட கம்பியின் நுனியில் வலை கட்டி, குழாய் அடியிலிருந்து உருண்டைகளை எடுத்தார்கள். கரைந்து மொச்சை அளவு ஆகியிருந்தன. பிறகு நாள் முழுக்க இறைத்தார்கள். மூன்று தடவை, இடைவெளி விட்டுத் தண்ணீர் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். ஒரு தடவை நல்ல பதில் வந்தால் நம்பமாட்டாளாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாவு ஆட்டி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. கிரைண்டர் மேல் துணி போர்த்தியிருக்கிறது. ஓட்டல்காரர்களில் பாதிப் பேர் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். லாரி வருகிறது, பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். ஒருத்தி, "அந்துருண்டைக்காரி வாராடி, வழி விடு" என்றாள். செண்பகம் வரிசையில் தன் இடத்தில் நின்று தண்ணீர் பிடித்து வந்தாள். இதை எழுத வேண்டாம் என்றாள். எழுதச் சொன்னேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

மூன்று தடவையும் எடுத்தாயிற்று. முதல் தடவை நாப்தலீன் பாதியாகிவிட்டது. இரண்டாவதில் பேருக்குக் கொஞ்சம். மூன்றாவதில் இல்லை. பென்சீன் ஒரு தடவையும் இல்லை. கிணற்றுத் தண்ணீரையும் தனியாகப் பார்த்தாள், நல்ல தண்ணீர். கம்பெனி வக்கீலும் கேட்டாராம், இவள் படங்களை எடுத்து வைத்தாளாம். பங்க்கு மண்ணைச் சுத்தம் செய்ய உத்தரவு வந்துவிட்டது.

கிளர்க்கு மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுவந்து சுவரிலிருந்த சிவப்புப் பெயிண்டைத் துடைக்கப் போனார். பிரிசில்லா கத்திக்கொண்டே ஓடினாள். "ஐயோ சார், மண்ணெண்ணெய் வேண்டாம்! கிணத்துச் சுவர் சார்!" தெருவே சிரித்தது. கிளர்க்கு சுரண்டியால் சுரண்டினார்.

அக்டோபர் 6, திங்கள்

இன்று நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும்.

பத்து நாளாகச் செண்பகம் மறுபடி மாவு ஆட்டுகிறாள். போன ஓட்டல்காரர்களும் ஒவ்வொருவராகத் திரும்புகிறார்கள். காலையில் பிரிசில்லா டேப்போடு வந்தாள். நான்காம் குழாயில் அளந்தாள். அரைமணி கழித்து மறுபடி அதிலேயே அளந்தாள். மறுபடியும். ஐந்தாம் குழாய்க்கு வந்தாள். கிணற்றைப் பார்த்தாள். மாவுக்குத் தண்ணீர் இறைக்கும் எங்கள் மோட்டார் அதில் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்த மோட்டாரக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

செண்பகம் நிறுத்தினாள். பிரிசில்லா அங்கேயே உட்கார்ந்து, மத்தியானம் வரை அளந்துகொண்டே இருந்தாள். அப்புறம் எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். குரல் வழக்கம்போல இல்லை.

"தாத்தா, ஜூன்ல கேட்டீங்கல்ல, தண்ணி ஏன் கிழக்க வருதுன்னு. கொஞ்சம் பாறையோட சாய்வு. மிச்சம் இந்த மோட்டார். நீங்க மூடி வச்சிருந்த ரெண்டு மாசத்துல தண்ணி அவ்வளவா சாயல. திரும்ப ஓட்ட ஆரம்பிச்ச பத்து நாள்ல சாஞ்சிருக்கு. மோட்டார் ஓடும்போது கிணறு சுத்துப்பட்டு தண்ணிய இழுக்குது. பெட்ரோல் இருக்குற தண்ணியையும் சேர்த்து."

"அப்படின்னா?" என்றாள் செண்பகம்.

"இன்னைக்குக் கிணறு சுத்தம். இதே மாதிரி இழுத்தா ஒரு வருசமோ ரெண்டு வருசமோ, வந்து சேந்துரும். பங்க்குல பெட்ரோல உறிஞ்சி எடுக்குற பம்பு போட்ட பிறகு பயமில்ல. அது எப்ப வரும்னு என்னால சொல்ல முடியல."

"குடத்துல கோரிக் குடிச்சா?"

"அதுனால ஒண்ணும் ஆகாது. தெரு முழுக்கக் கோரினாலும் மோட்டார்ல பாதி இழுக்காது."

"அப்ப நிறுத்தச் சொல்லுதீங்க."

பிரிசில்லா தலையைக் குனிந்துகொண்டாள். "உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லக்கா. நீங்க கஷ்டப்பட்டு மீட்ட கிணறு. அளந்ததக் காட்டத்தான் என்னால முடியும்."

பிரிசில்லா போனாள். ஊறப்போட்ட அரிசி இருந்தது. அதை மட்டும் செண்பகம் ஆட்டி முடித்தாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

மோட்டாரைக் கழற்றிவிட்டாள். அவளே ஸ்பேனர் எடுத்து.

அக்டோபர் 15, புதன்

கீழ ரோட்டில், பங்க்கிலிருந்து ரொம்பத் தூரத்தில், ஒரு ரைஸ்மில்லின் பின்பக்கத்தை வாடகைக்குப் பிடித்திருக்கிறாள். காலையில் அரிசியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறாள். ஆட்டிக் கொண்டுவருவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. மாவு முன்னைப்போல அளவு இல்லை. ஓட்டல்காரர் ஒருவர், "ஏம்மா, ரிப்போர்ட்டுதான் நல்லா வந்துருச்சே, எதுக்கு இந்தப் பாடு?" என்று கேட்டாராம். "இப்ப நல்லாருக்கு, இனியும் நல்லாருக்கணும்லா" என்றாளாம்.

கிணற்றடியில் கப்பி மாட்டியிருக்கிறார்கள். பெண்கள் கயிற்றில் கோருகிறார்கள். அந்துருண்டைக்காரி என்று அழைத்தவள் இப்போது முதல் குடத்தை இவளுக்குக் கோரி வைக்கிறாள். பெயரை மட்டும் மாற்றவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

மழை பெய்து ஓய்ந்திருந்தது. பிரிசில்லா ரப்பர் செருப்போடு வந்தாள். இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவாளாம், இப்படியே பல வருஷம். உறிஞ்சும் பம்புக்குக் கம்பெனி கையெழுத்துப் போட்டுவிட்டது, தை பிறந்ததும் வேலை. ஐந்து குழாயையும் அளந்தாள். எழுதினாள். மறுபடி நான்காம் குழாய்க்குப் போய் அளந்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"சாய்வு குறைஞ்சிருச்சு தாத்தா. அநேகமா நின்னுருச்சு. பெட்ரோல் இருக்குற தண்ணி நாலாம் குழாயத் தாண்டல."

"மழையினாலயா?"

"மழைய கழிச்சுப் பாத்துட்டேன். மோட்டார நிறுத்துனதுதான். நான் நிறைய ஊர்ல அளந்திருக்கேன். பம்பு போடுறதுக்கு முன்னாலயே, ஒரு ஆளு தானா நிறுத்தி, தண்ணி நின்னத இப்பத்தான் பாக்குறேன். அக்காகிட்ட சொல்லுங்க."

"நீயே சொல்லு தாயி."

"சொன்னா அவங்க முறைப்பாங்க" என்று சிரித்தாள்.

ஐந்து மாதமாக இந்தப் பெண்ணின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். குப்பியைத் தட்டியது, தன் பெட்டியையே சந்தேகப்பட்டது, மறைக்காமல் எழுதியது என்று எதையும் விடவில்லை. இன்னொருத்தியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அவள்தான் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குச் சொல்லியே தீர்வேன். எழுது, செண்பகம். பேனாவைக் கீழே வைக்காதே. எல்லாரும் நிற்கிற இடத்தில் ஈரக் கையோடு வந்து நின்றவள்

இதற்குப் பிறகு அப்பா சொன்னதை நான் எழுதவில்லை. காலையில் அரிசி கொண்டுபோக வேண்டும்.